மாலைக்கண்ணுக்கு ஒரு மலைத்தீபம்

பொழுது சாய்ந்த பிறகு ஹேமலதாவைத் தெருவில் பார்த்தவர்கள் ஆரணியில் யாரும் இல்லை. கலசப்பாக்கம் பக்கத்திலிருந்து தீனாவுக்கு வாழ்க்கைப்பட்டு அவர் எங்கள் தெருவுக்கு வந்த புதிதில், இதைக் கர்வம் என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. உற்சவர் வாசலில் வந்து நின்றாலும் மருமகள் வெளியே தலைகாட்டுவதில்லை என்று பேசினார்கள். உண்மை வேறு. பகலில் அவருக்குக் கண் தெரியும். விளக்கு வைக்கும் நேரம் வந்தால் தெரியாது. வீட்டுக்குள் குழல்விளக்கின் கீழ் நடமாடுவார். வாசற்படியைத் தாண்டிவிட்டால் எதிரில் நிற்பது ஆளா, கம்பமா என்று அவரால் சொல்ல முடியாது.

நான் அவர்களுடைய எதிர்வீட்டுக்காரன். இங்கே எழுதியிருப்பதில் ஆரணியில் நடந்தவற்றைப் பெரும்பாலும் நேரில் பார்த்தேன். கலசப்பாக்கத்தில் நடந்தவற்றை ஹேமலதாவும் அவருடைய தம்பி பாலுவும் தனித்தனியாகச் சொன்னார்கள். இருவர் சொன்னதும் ஒத்துப்போன இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மாலைக்கண் என்றால் முருங்கைக்கீரை தின்றால் போய்விடும் என்பார்கள். சத்துக் குறைவால் வருவது அப்படிப் போகக்கூடும். ஹேமலதாவுக்கு இருந்தது பிறவியிலேயே விழித்திரையில் அமைந்துவிட்ட கோளாறு. அது முதலில் இரவுப் பார்வையை எடுத்துக்கொள்ளும். பிறகு பக்கவாட்டுப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். நாற்பது வயதைத் தொட்டபோது, பப்பாளி இலைக் காம்பின் துளை வழியாகப் பார்ப்பதுபோல் உலகம் அவருக்குச் சுருங்கியிருந்தது. நேர் எதிரே இருப்பது துலக்கமாகத் தெரியும். அதைச் சுற்றி ஒன்றும் இருக்காது. வேலூரில் பார்த்த கண் மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. நடுப்பார்வை இன்னும் சில வருடம் நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்றார். "பார்க்கணும்னு ஆசப்பட்டது ஏதாவது இருந்தா, தள்ளிப் போடாம பார்த்துருங்கம்மா."

ஹேமலதா பார்க்க ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. திருவண்ணாமலைத் தீபம்.

அவர் பிறந்த ஊரிலிருந்து அண்ணாமலை தெற்கே தெரியும். கார்த்திகைத் தீபத்தன்று மலை உச்சியில் தீபம் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு விளக்கு ஏற்றுவார்கள். அகலில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு வைத்துவிட்டு, எல்லாரும் மாடியில் ஏறித் தெற்கு பார்த்து நிற்பார்கள். குழந்தைகளில் யார் முதலில் பார்த்துச் சொல்வது என்று போட்டி நடக்கும். அந்த நேரம்தான் ஹேமலதாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும் நேரம். அவருக்கு மலையும் தெரியாது, தீபமும் தெரியாது. "தெரியுதா?" என்று கேட்பார்கள். "தெரியுது" என்பார். ஒரு வருடம் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னதற்கு, "சாமிய சரியா கும்புடு, தெரியும்" என்று பெரியப்பா தலையில் குட்டினாராம். அதன் பிறகு அவர் உண்மை சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த பிறகும், அந்தப் பதில் தாய்வீட்டில் எல்லாருக்கும் உண்மையாகவே இருந்தது.

இரவைப் படமாகப் பார்க்கலாம் என்பது அவருக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. அவருடைய மகள் துர்கா, கல்லூரியில் படிப்பவள், ஒருநாள் இரவு தெருவைக் கைபேசியில் படம் எடுத்துத் திரையை அம்மாவிடம் நீட்டினாள். திரை பளிச்சென்று இருந்ததால் ஹேமலதாவுக்குத் தெரிந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் நனைந்த வாசல்கள், நிறுத்தி வைத்த வண்டிகள், எங்கள் வீட்டுக் கதவு.

"இது எந்தத் தெருடி?"

"நம்ம தெருதாம்மா. இப்பதான் எடுத்தேன்."

இருபது வருடமாகக் குடியிருக்கும் தெருவின் இரவை அன்றுதான் அவர் முதலில் பார்த்தார். மறுநாள் காலையில் துர்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சத்தியராஜின் ஸ்டூடியோவுக்குப் போனார். கல்யாணம், ஞானஸ்நானம், மஞ்சள் நீராட்டு என்று ஊரில் பாதி விசேஷங்களுக்குப் படம் எடுப்பவர் சத்தியராஜ். வயதில் ஹேமலதாவை விடச் சிறியவர். பட்டுப் புடவைகளை ஆன்லைனில் விற்பதற்காகப் படம் எடுக்கத் தீனா அவரிடம் போவது வழக்கம். அந்தப் பழக்கத்தில் ஹேமலதாவை அக்கா என்பார்.

"இன்னாக்கா, நீங்களும் கல்யாண ஆர்டர் எடுக்கப் போறீங்களா? என் பொழப்புல மண்ண அள்ளிப் போட்றாதீங்க."

"ராத்திரியில எடுக்கணும் தம்பி. ரொம்ப தூரத்துல இருக்கறத எடுக்கணும்."

"ராத்திரியில உங்களுக்குத்தான் தெரியாதே, அண்ணன் சொல்லியிருக்காரு."

"அதுக்குத்தானே கேமரா கேக்கறேன். தெரிஞ்சா நான் ஏன் இங்க வந்து நிக்கறேன்?"

அதற்குப் பிறகு சத்தியராஜ் கேலி செய்யவில்லை. அலமாரியில் சும்மா கிடந்த பழைய கேமரா ஒன்றையும், தூரத்தை இழுத்துக் காட்டும் நீள லென்ஸ் ஒன்றையும், ட்ரைபாட் என்கிற மூன்று கால் ஸ்டாண்டையும் எடுத்து வைத்தார். இருட்டில் படம் எடுப்பது எப்படி என்று அவர் சொன்னதை நானும் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். புதிதாக முயல்கிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் விட்டுவிடாமல் எழுதுகிறேன்.

பகலில் கேமராவின் கண், இமை சிமிட்டும் நேரத்தில் திறந்து மூடிவிடும். இருட்டில் வெளிச்சம் போதாது. அதனால் பத்து விநாடி, பதினைந்து விநாடி என்று திறந்தே இருக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் கேமரா துளிகூட அசையக் கூடாது. அசைந்தால் புள்ளியாக விழ வேண்டிய விளக்கு கோடாக விழும். கையில் பிடித்து இதைச் செய்ய முடியாது. ஸ்டாண்டு வேண்டியது அதற்காகத்தான். ஸ்டாண்டின் கால்கள் மடக்கு மடக்காக நீளும். மேலே இருக்கும் தடித்த மடக்கை முதலில் நீட்ட வேண்டும். அடியில் உள்ள மெலிந்த மடக்கைக் கூடுமானவரை நீட்டக் கூடாது. நடுத்தண்டை உயர்த்தினால் காற்றில் ஆடும். அதன் அடியில் ஒரு கொக்கி இருக்கும். அதில் மணல் பையைத் தொங்கவிட்டால் ஸ்டாண்டு அசையாமல் நிற்கும். பை ஊசலாடினால் ஸ்டாண்டையும் சேர்த்து ஆட்டிவிடும், ஆகவே பையின் அடி தரையில் பட்டும் படாமலும் இருக்கட்டும். பொத்தானை அழுத்தும் விரலே கேமராவை அசைத்துவிடும் என்பதால், அழுத்திய பிறகு சில விநாடி கழித்துத் திறக்கும்படி டைமரை வைக்க வேண்டும். லென்ஸின் பக்கத்தில், கை நடுக்கத்தைச் சமன் செய்கிற சிறு சுவிட்ச் ஒன்று இருக்கும். ஸ்டாண்டில் வைத்தபோது அதை அணைத்துவிட வேண்டும்.

"இன்னொண்ணுக்கா. இருட்டுல கேமராவுக்கும் மாலைக்கண்ணுதான். தானா ஃபோகஸ் ஆவணும்னா அதுக்கு வெளிச்சம் வேணும். இல்லன்னா முன்னாடியும் பின்னாடியும் ஓடிகினே இருக்கும், நிக்காது."

"அப்ப இன்னா பண்ணணும்?"

"வெளிச்சம் இருக்கும்போதே, எதை எடுக்கப் போறமோ அதுக்கு ஃபோகஸ் வச்சிட்டு, ஆட்டோவ ஆஃப் பண்ணிட்டு, வளையத்து மேல டேப்பு ஒட்டிருங்க. அப்புறம் அத்தத் தொடவே தொடாதீங்க."

ஹேமலதாவுக்கு வேறு வழியும் இல்லை. எல்லாவற்றையும் அந்திக்கு முன்பே பொருத்திவிட வேண்டும். இருட்டிய பிறகு அவருக்கு மிச்சமாக இருப்பது விரல்கள்தான். அந்த விரல்களுக்குப் பயிற்சி உண்டு. அவர் வீட்டில் பார்க்கிற வேலை பாவு பிணைப்பது. தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும், புதுப் பாவின் ஒவ்வொரு பட்டு இழையையும் பழைய இழையின் முனையோடு சேர்த்து முறுக்குகிற வேலை. அதைச் செய்யும்போது அவர் இழையைப் பார்ப்பதில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு துர்காவோடு பேசிக்கொண்டிருப்பார். கேமராவின் பொத்தான்களையும் அவர் அப்படியே கற்றுக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு மடியில் வைத்துத் தடவித் தடவிப் பார்ப்பார்.

"உங்க மருமக கேமராவுக்குத் தாலாட்டு பாடிகினு இருக்காப்பா" என்று தீனா தன் அப்பாவிடம் சொல்வது எங்கள் வீடு வரை கேட்கும்.

ஆவணி மாதம் தொடங்கி மொட்டைமாடியில் பழகினார். தீபத்துக்குப் பதிலாக, ஊர் எல்லையில் இருக்கும் செல்போன் டவரின் உச்சியில் எரியும் சிவப்பு விளக்கைக் குறியாக வைத்துக்கொண்டார். சூரியன் இருக்கும்போதே டவரின் உச்சியைக் கேமராவுக்குள் கொண்டுவந்து, ஃபோகஸ் வைத்து, டேப்பு ஒட்டிவிடுவார். இருட்டிய பிறகு துர்கா கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துச் செல்வாள்.

படங்கள் சரியாக வரவில்லை. சிவப்புப் புள்ளிக்குப் பதிலாகச் சிவப்பு மண்புழு ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு படத்திலும் அதே மண்புழு. சத்தியராஜ் சொன்னதையெல்லாம் மறுபடி சரிபார்த்தார்கள். மெலிந்த மடக்குகளை உள்ளே தள்ளினார்கள். மணல் பையைக் கனமாக்கினார்கள். தீனா வந்து ஸ்டாண்டின் கால்களைப் பாவுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். மண்புழு போகவில்லை. ஐப்பசி பிறந்துவிட்டது. அந்த மாதத்தில் ஹேமலதா ஊசியில் நூல் கோக்கத் துர்காவைக் கூப்பிட ஆரம்பித்ததை வீட்டில் எல்லாரும் கவனித்தார்கள்.

ஒருநாள் இரவு மின்சாரம் போயிற்று. டவர் விளக்கு பேட்டரியில் எரிந்துகொண்டிருந்தது. அன்று எடுத்த படத்தில் மண்புழு இல்லை. குங்குமப் பொட்டு வைத்ததுபோல் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் இருந்தது. மறுநாள் மின்சாரம் இருந்தது. மண்புழுவும் திரும்பி வந்துவிட்டது.

"கரண்டு இருந்தா இந்தக் கேமராவுக்கு ஆவறதில்ல போல. கம்பியில போற கரண்டு ஏதோ பண்ணுது" என்று தீனா முடிவு கட்டினார். நானும் அதை நம்பினேன். மறுக்க என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

விஷயத்தைக் கேட்டதும் சத்தியராஜ் மாலையில் நேரிலேயே வந்தார். மாடிக்கு ஏறியவர் ஸ்டாண்டை அணுகவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"அக்கா, ஒரு சொம்புல தண்ணி குடுங்க."

துர்கா கொண்டுவந்தாள். அவர் குடிக்கவில்லை. சொம்பைத் தரையில் வைத்துவிட்டு, கைபேசி விளக்கை அதன் மேல் அடித்தார். தண்ணீரின் முகத்தில் மெல்லிய வளையங்கள் எழுந்துகொண்டே இருந்தன, ஒரு கணமும் ஓயவில்லை.

"தரை ஆடுதுக்கா!"

"எங்க ஆடுது?" என்றார் தீனா.

"இன்னாண்ண, நெஜமாவே தெரியலியா? என் கால்ல அதிருது."

பக்கத்து வீட்டுக் கீழ்த்தளத்தில் விசைத்தறிக் கூடம் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான். இரவு ஷிப்டில் தறிகள் ஓடும்போது அந்தச் சுவர் அதிரும், மாடியும் அதிரும். மின்சாரம் போன இரவில் தறிகள் நின்றன, தரையும் நின்றது. இது அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தெருவில் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. வருடக்கணக்காகக் காலுக்கடியில் இருந்த அதிர்வை நாங்கள் தரையின் இயல்பு என்றே எடுத்துக்கொண்டிருந்தோம். சத்தியராஜ் குடியிருப்பது தறி இல்லாத பகுதி. அதனால்தான் அவருடைய காலுக்குத் தெரிந்தது.

ஹேமலதா குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தார். பிறகு, "நல்லவேளை, மலைக்குக் கீழ தறி கெடையாது" என்றார். அந்த நாட்களில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

எனவே கார்த்திகையில் கலசப்பாக்கம் போனபோது, தாய்வீட்டு மாடியில் ஸ்டாண்டை வைக்க அவர் சம்மதிக்கவில்லை. தீபத்தன்று அந்த மாடியில் உறவுக்கூட்டம் நிற்கும், பிள்ளைகள் குதிப்பார்கள். கட்டடத்தின் மேல் எந்த இடத்தையும் நம்பக்கூடாது என்று முடிவு செய்திருந்தார். ஊருக்குத் தெற்கே ஏரிக்கரையில், மண் இறுகிய இடமாகப் பார்த்து, பாலுவோடு பிற்பகலிலேயே போய்க் கால்களை ஊன்றினார். மலை நீலமாகத் தெரிந்தது. உச்சிக்கு ஃபோகஸ் வைத்து, டேப்பு ஒட்டி, மணல் பையைக் கட்டினார்கள். இருட்டும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மாலையில் பாலுவின் மனைவி சுகன்யாவும் அக்கம்பக்கத்தாரும் அகல் தட்டுகளோடு கரைக்கு வந்தார்கள். மேகம் இருந்தது, ஆனாலும் உச்சி திறந்திருந்தது. ஊரில் வெடிச் சத்தம் கேட்டது. "அரோகரா" என்று கரையெங்கும் குரல் எழுந்தது. ஹேமலதாவின் விரல் பொத்தானைத் தேடி அழுத்தியது. டைமர் ஓடிக் கேமராவின் கண் திறந்த ஓசை அவருக்குக் கேட்டது.

மலையில் தீபத்தைப் பார்த்ததும் விளக்கேற்றுவது வழக்கம் அல்லவா. சுகன்யா கையிலிருந்த அகலை ஏற்றினார். சாமியையே உள்ளே வாங்குகிற பெட்டி, அதற்கு முன்னால் முதல் விளக்கை வைப்போம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கேமராவுக்கு நேர் எதிரே, லென்ஸ் மட்டத்துக்கு உயர்ந்திருந்த மதகுக் கல்லின் மேல் அகலை வைத்துக் கும்பிட்டார். லென்ஸ் பார்த்தது அந்த அகலை மட்டும்தான். படம் முழுவதும் மஞ்சள் புகையாக வந்தது. அதற்குள் மேகம் உச்சியை மூடிவிட்டது. கூட்டம் வீடு திரும்பும்வரை அது விலகவில்லை.

சுகன்யா அழுதுவிட்டார். "நாந்தான் அண்ணி கெடுத்துட்டேன்."

"வெளக்கு வச்சதுக்கு யாராவது அழுவாங்களா? விடு."

பாலு ஸ்டாண்டை மடக்கிக்கொண்டே, "போனாப் போவுதுக்கா. நீ பார்க்காத தீபமா? சின்ன வயசுல நம்ம எல்லாருக்கும் முன்னாடி நீதானே தெரியுதுன்னு கத்துவ" என்றார்.

"நான் பார்த்ததே இல்லடா."

"இன்னாது?"

"ஒரு தடவகூட பார்த்ததில்ல. ஊருக்குள்ள மொத வெடி கேக்கும் பாரு, அதக் கேட்டுட்டு கத்துவேன். யாரும் எங்கிட்ட வந்து கேக்கக் கூடாதுன்னு மொதல்ல கத்திருவேன்."

அக்காவின் கையைப் பிடித்துக் கரையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தபோது, அவர் எங்கே கால் வைப்பது என்று ஒவ்வொரு அடிக்கும் முன்பு துழாவுவதைப் பாலு அன்றுதான் கவனித்தாராம். அதற்கு முன் எத்தனையோ இரவு கையைப் பிடித்து அழைத்து வந்திருக்கிறார், கவனித்ததில்லை.

மலைத்தீபம் ஒரே இரவில் அணைவதில்லை. பதினோரு நாள் எரியும். அதனால் ஹேமலதா ஆரணிக்குத் திரும்பவில்லை. மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. மழை விட்ட இரவில் பனிமூட்டம் நின்றது. மூட்டம் இல்லாத இரவில் மேகம் உச்சியை விட்டு இறங்கவில்லை. ஒவ்வொரு நாள் பிற்பகலும் இருவரும் கரைக்குப் போய் ஸ்டாண்டை ஊன்றுவதும், நனைந்த குடையோடு திரும்புவதுமாக இருந்தார்கள். தீனா தொலைபேசியில் அழைத்தார்.

"ரெண்டு தறி பாவு பிணைக்காம நிக்குது."

"வேற யாரையாவது கூப்ட்டுப் பிணைக்கச் சொல்லுங்களேன்."

"நிக்கட்டும்னுதான் சொல்ல வந்தேன். தறி எங்கியும் ஓடிப் போவாது. நீ பார்த்துட்டே வா."

தீபம் எரியும் நாட்கள் முடியப்போகும் தருவாயில் ஒரு மாலை வானம் கழுவிவிட்டதுபோல் திறந்தது. கரையில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. குளிர்ந்தது. ஈரக் காற்றில் லென்ஸ் கண்ணாடி மீது ஆவி படிந்துவிடும் என்று சத்தியராஜ் எச்சரித்திருந்தார். அதனால் பாலு அவ்வப்போது மெல்லிய பழைய வேட்டித் துணியால் அதை ஒற்றி எடுத்தார். ஹேமலதா பொத்தானை அழுத்தினார். கண் திறந்த ஓசை. பாலு மூச்சை அடக்கி நின்றதாகச் சொன்னார். அசைய வேண்டாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. கண் மூடிய ஓசை.

திரையில் படம் வந்தது. ஹேமலதா முகத்தை அதன் அருகே கொண்டுபோய், தம் பார்வையின் அந்தச் சிறிய வட்டத்தை ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்தினார். முதலில் கறுப்பு. பிறகு மலையின் சரிவு. சரிவைப் பிடித்துக்கொண்டே மேலே போனார். போய்க்கொண்டே இருந்தார்.

"இன்னாடா, இவ்ளோ ஒசரமாவா?"

"உச்சியிலதானேக்கா இருக்கும்."

"இருட்டுல மலை எங்கன்னு தெரியாம நான் நேரா கும்புட்டுகினு இருந்தேன்."

உச்சியில் அது இருந்தது. ஒரு நெல் மணி அளவுக்குத்தான். பொன் நிறத்தில், கோடாகாமல், நெளியாமல் நின்றது. பெரிதாக்கிப் பார்த்தபோது அதைச் சுற்றிப் புகையின் ஓரம்கூடச் சிவந்து தெரிந்தது. ஹேமலதா கைகூப்பவில்லை. இரண்டு கையும் கேமராவைப் பிடித்திருந்தன. நெடுநேரம் பார்த்தார். அழுதாரா என்று பாலுவிடம் கேட்டேன். இருட்டில் தெரியவில்லை என்றார். ஹேமலதாவிடமே கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஆகவே அதை எழுதவில்லை.

பிறகு அவர் தீபத்தை விட்டுக் கீழே இறங்கினார். படத்தில் வேறு வெளிச்சங்களும் விழுந்திருந்தன. ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கேட்டார். இது என்ன, இது என்ன என்று. பாலு சொல்லிக்கொண்டு வந்தார். இது ரோட்டில் போன லாரியின் வெளிச்சம், அதனால்தான் கோடு. இது அந்தப் பக்கத்து ஊர்க் கோயில். இது டவர். மரங்களுக்கு இடையில், மலையடிப் பக்கமாக, தனியாக ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அது என்னவென்று பாலுவுக்குத் தெரியவில்லை.

"ஏதோ ஒரு பல்புக்கா."

"யாரோட பல்பு?"

"யாருக்குத் தெரியும்? தெனம் இருக்கும் போல. நான் பார்த்ததே இல்ல."

"ராத்திரின்னா ஒண்ணுமே இல்லாத எடம்னு நெனச்சிகினு இருந்தேன் பாலு. இவ்ளோ பேரு முழிச்சிகினு இருந்திருக்காங்க."

மறுநாள் காலையில் ஆரணி பஸ்ஸுக்குப் போவதற்கு முன், அந்தப் பல்பை வைத்திருப்பது யார் என்று பார்த்துவிட வேண்டும் என்றார். பாலு பைக்கில் உட்கார வைத்து அழைத்துப் போனார். கரையைத் தாண்டி மலைப் பக்கமாக வரப்பு வரப்பாக விசாரித்ததில், கடலைக்கொல்லை ஓரத்தில் ஒரு குடிசையும், அதன் முன் கம்பத்தில் கட்டிய பல்பும் கிடைத்தன. காட்டுப்பன்றி வராமல் இருக்க இரவெல்லாம் காவலிருக்கும் சுப்பன் என்ற விவசாயியின் பல்பு அது. அவருடைய மனைவி அபிதகுசாம்பாள் காலைச் சோறு கொண்டுவந்திருந்தார்.

"நேத்து ராத்திரி உங்க வெளக்கப் பார்த்தேங்க. அதான் வந்தேன்" என்றார் ஹேமலதா.

சுப்பன் மனைவியின் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கோடி. நான் வெளக்க அணைச்சிட்டுத் தூங்கறேன்னு தெனம் சண்ட போட்றியே. எங்கியோ இருந்து ஒரு அம்மா பார்த்துட்டு வந்து சொல்லுது பாரு."

"ஆமா, நீ சொல்லிக் குடுத்திருப்ப."

"முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கு நான் எங்கடி சொல்லிக் குடுக்கறது?"

ஹேமலதா கேமராவை எடுத்துப் படத்தைத் திரையில் கொண்டுவந்து அபிதகுசாம்பாளிடம் நீட்டினார். வெயில் படாமல் திரையைக் கையால் மறைத்தும் காட்டினார். அந்த அம்மாள் தலையைச் சாய்த்துத் தேடிப் பல்பைக் கண்டுபிடித்துவிட்டார். "எரிஞ்சிகினுதான் இருக்குது" என்று ஒப்புக்கொண்டார். திரையில் அவர் பார்த்தது அந்தப் பல்பை மட்டும்தான்.

ஹேமலதா அவருடைய விரலைப் பிடித்து, மலையின் சரிவு வழியாக மெதுவாக மேலே கொண்டுபோனார்.

"இங்க பாருங்கம்மா. இதுதான் தீபம்."